‘ஸ்டாண்ட் பேக்’ என்றேன், யாரும் நகரவில்லை

கடல் தாண்டிக் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருவது, கரையில் நின்றுகொண்டு நீச்சல் கற்றுத் தருகிற மாதிரியான தொழில்; நனையாமலேயே தொண்டை கட்டிக்கொள்ளும்.

இந்தத் தொழிலுக்கு நான் விரும்பி வரவில்லை. முப்பது வருஷம் கரும்பு வெட்டுகிறவர்களின் கூலிக்காகவும் கல்வராயன் மலை ரோட்டுக்காகவும் தெருவில் நின்றவன். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்தது. மிச்சப் படிப்பு எல்லாம் துண்டறிக்கைதான். ஒரு பக்கம் தமிழிலும் மறு பக்கம் ஆங்கிலத்திலும் அச்சடித்து வரும். அதை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தே ஆங்கிலம் கற்றேன். லாக் அவுட், லே ஆஃப், கால் ஆஃப் இவைதான் என் அரிச்சுவடி. அன்று எனக்குப் பின்னால் நின்று கோஷம் போட்டவர்கள் சிலர் இன்று காரில் போகிறார்கள். என்னைக் கண்டால் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார்கள். போகட்டும். அவர்களில் ஒருவருக்காவது ‘புட் ஆஃப்’புக்கும் ‘புட் அவுட்’டுக்கும் வித்தியாசம் தெரியுமா? எனக்குத் தெரியும்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மல்லிகாவின் தையல் கடைக்கு மேல் ஒரு மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பு. பன்னிரண்டு ஆண்கள், எல்லாரும் கல்யாணம் ஆனவர்கள். வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கிரேனில் தொங்குகிற சுமைக்குக் கொக்கி மாட்டுகிற வேலைக்குப் போகப் பார்க்கிறவர்கள். சென்னைக்கு வெளியே ஏஜென்ட் ஒரு திடலில் சோதனை வைப்பார். அங்கே வெளிநாட்டு சூப்பர்வைசர் ஆங்கிலத்தில் கட்டளை போடுவார். அது புரிந்தால் விமானம், புரியாவிட்டால் ஊர் பஸ். அந்தக் கட்டளைகளைச் சொல்லித் தருவதுதான் என் வேலை. நீங்களும் ஆங்கிலத்திடம் அடி வாங்கியவர்களாகத்தான் இருப்பீர்கள் என்கிற தைரியத்தில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாளிச் சொல், கூலிச் சொல்

துறைமுகத்துக் கட்டளைகள் பெரும்பாலும் இரட்டைச் சொற்கள். ‘கெட்’ என்பதற்குத் தனியாக என்ன பொருள் என்று கேட்டால் துரைக்கே குழப்பம். ஆனால் ‘கெட் அப்’ என்றால் எழுந்திரு. ‘கெட் இன்’ ஏறு, ‘கெட் ஆஃப்’ இறங்கு, ‘கெட் அவுட்’ வெளியே போ. ‘புட்’டும் அப்படித்தான். ‘புட் ஆன்’ என்றால் ஹெல்மெட்டை மாட்டு, ‘புட் டவுன்’ என்றால் சுமையைக் கீழே வை, ‘புட் அவுட்’ என்றால் நெருப்பை அணை. அகராதியில் முன்னால் நிற்கிற பெரிய சொல்லைத் தேடாதீர்கள், அது முதலாளி, பலகையில் பெயர் மட்டும்தான் அதற்கு. பின்னால் நிற்கிற அப், டவுன், ஆஃப், அவுட் என்கிற பொடிச் சொற்கள்தான் கூலிக்காரர்கள். அவர்களில் ஒருவர் மாறினால் வேலையே மாறிப்போகும். இப்படி விளக்கினேன்.

என் வாழ்நாளில் நான் கொடுத்த நல்ல சொற்பொழிவுகளில் அது ஒன்று என்று இப்போதும் நினைக்கிறேன். நைனார்பாளையத்தில் குத்தகைக்கு நிலம் பார்க்கிற ராமலிங்கம் கடைசி வரிசையில் இருந்து கை தூக்கினார். “எங்க ஊர்லயும் அப்படித்தான் தோழர். நெலம் அவுரு பேர்ல, நெல்லு எங்க முதுகுல. அதுக்கு எதுக்கு இவ்ளோ தூரம் போய் இங்கிலீசு படிக்கணும்?”

கீழ்க்கடை ஆங்கிலம்

மல்லிகா கீழே மிஷினை மிதித்துக்கொண்டே எங்கள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு ஞாயிறு, நீங்களும் மேலே வந்து உட்காரலாமே, நாலு வார்த்தை கற்றுக்கொள்ளலாமே என்று கூப்பிட்டேன். ஒரு காலத்தில் கடைப் பலகைகளில் ஆங்கிலம் எதற்கு என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியவன் இப்படிக் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று மனசுக்குள் கசந்துகொண்டுதான் கூப்பிட்டேன்.

அவர் ஊசியில் நூல் கோத்தபடி நிமிராமல் சொன்னார்: “எனக்கு எங்க தோழர் இங்கிலீசு வரும்? காலைல இருந்து ஃபோனு ஸ்விட்ச் ஆஃபு, மிஷினு பிரேக் டவுனு, எங்க வூட்டுக்காரர் புள்ளய ஸ்கூலாண்ட டிராப் பண்ணிட்டு என்னை ஆஸ்பத்திரி செக்கப்புக்கு பிக்கப் பண்றேன்னாரு, ஆளக் காணோம். இதுல இங்கிலீசு ஒண்ணுதான் எனக்குக் கம்மி.”

ஒரு ஆளுக்குச் சோறு

வெள்ளிமலைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறவர் சின்னப்பன். மற்றவர்களுக்கு இந்த வேலை கிடைத்தால் நல்லது. சின்னப்பனுக்குக் கிடைத்தே ஆக வேண்டும். அவர் மனைவி பொன்னி கர்நாடகத்தில் ஒரு காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறார். போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன மழையில் அந்தக் குளிர் நெஞ்சில் இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டேதான் வேலை செய்கிறார். அடுத்த மழைக்குள் அவரைத் திரும்பக் கூட்டி வந்துவிட வேண்டும். மலையில் சாமையும் மரவள்ளியும் போட்டு அது முடியாது, நான் போனால் அவள் வரலாம் என்றார். ஏஜென்ட் சொன்ன வயது வரம்பு சின்னப்பனுக்கு இந்த வருஷத்தோடு முடிகிறது. ஓர் ஆளுக்கு இரண்டு முறைதான் சோதனை.

முதல் பஸ்ஸில் மலையிறங்கி எல்லாருக்கும் முன்னால் வந்து ஜன்னலோரம் உட்காருவார். அதிகம் பேச மாட்டார். ஒருநாள், தனியாக எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று சும்மா கேட்டுவைத்தேன். “எல்லாம் வருது தோழர், சோறுதான் வர்ல. ஒரு ஆளுக்கு எவ்ளோ போடறதுன்னு கை இன்னும் கத்துக்கல. ரெண்டு ஆளுக்கு ஆக்கிட்டு மிச்சத்தப் பாத்துக்கினு ஒக்காந்திருக்கேன்.”

அனுமதி பெறாத வகுப்பு

என்னிடம் ஒரு முறைதான் உண்டு. நான் ஒரு வரி சொல்வேன், கூட்டம் அதைத் திருப்பிச் சொல்லும், வலது கை மேலே போகும். இந்த முறையில்தான் எழுதப் படிக்கத் தெரியாத கரும்பு வெட்டிகளுக்குச் சட்டப் பிரிவுகளையே மனப்பாடம் செய்து கொடுத்திருக்கிறேன். ஆங்கிலத்துக்கும் அதையே வைத்தேன். ‘ஹோல்ட் ஆன்!’ என்று நான் சொன்னால் பன்னிரண்டு தொண்டைகள் ‘ஹோல்ட் ஆன்!’ என்று அதிரும். ‘வாட்ச் அவுட்!’ ‘மூவ் ஓவர்!’ ‘ஸ்டாண்ட் பேக்!’ மூன்றே வாரத்தில் நாற்பது கட்டளைகள், பொருளோடு, தாளத்தோடு. மாடி குலுங்கியது. எனக்கு இருபது வயது குறைந்தது.

நாலாவது வாரம் எதிர்க் கடைக்காரர் ஊர்வலம் வருகிறது என்று நினைத்துப் பாதி ஷட்டரை இறக்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு போலீஸ்காரர் மாடி ஏறி வந்தார். பழைய பழக்கம், அவருக்கும் எனக்கும். தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்: “வேற ஒண்ணுமில்லீங்க தோழர். ‘கெட் அவுட், கெட் அவுட்’னு இவ்ளோ பேர் கத்திக்கினு இருக்காங்களே, யாரப் போகச் சொல்றீங்கன்னு மட்டும் சொல்லிட்டா நான் எழுதிக்கினு போய்டுவேன்.”

மதிலுக்கு வெளியே நான்

சோதனைக்குப் பன்னிரண்டு பேரோடு நானும் பஸ் ஏறினேன். வாத்தியாருக்கு உள்ளே அனுமதி இல்லை. மதிலுக்கு வெளியே, மூடின டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே கிரேன் உறுமுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு கனத்த குரல் ‘ஸ்டாண்ட் பேக்’ என்றது. உடனே, என் பன்னிரண்டு பேரும், ஒரே தாளத்தில், ‘ஸ்டாண்ட் பேக்!’ என்று முழங்கினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். அத்தனை பெருமை. அந்தக் குரல் மறுபடியும், இன்னும் சத்தமாகக் கத்தியது. என் ஆட்கள் அதைவிடச் சத்தமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாவது தடவை அந்தக் குரலில் பயம் இருந்தது. கிரேன் சட்டென்று நின்றது.

நடந்தது இதுதான். மணல் நிரப்பிய பீப்பாய் ஒன்று ஆடிக்கொண்டே தலைக்கு நேராக வந்திருக்கிறது. பின்னால் நகர வேண்டும். என் ஆட்கள் வலது கையை உயர்த்தி, சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறார்கள். ராமலிங்கம் மட்டும் அரை அடி நகர்ந்து, மற்றவர்கள் நிற்பதைப் பார்த்து வெட்கப்பட்டுத் திரும்ப வரிசைக்கு வந்துவிட்டாராம். பன்னிரண்டு பேரும் தோல்வி. ஏஜென்ட் வெளியே வந்து, சூப்பர்வைசர் சொன்னதைத் தமிழில் என்னிடம் சொன்னார்: “உங்க ஆளுங்க உச்சரிப்பு ரொம்ப நல்லாருக்காம். ஆனா செத்த பிறகு அது எதுக்குன்னு கேக்குறாரு.”

நான் எழுதாத கோஷம்

எல்லாரும் திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். யாராவது என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், அது எனக்குக் கை வந்த வேலை. யாரும் திட்டவில்லை. சின்னப்பன் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று வாங்கி, ஒவ்வொன்றாக உரித்து, தான் தின்னாமல் என் கையில் போட்டுக்கொண்டே வந்தார்.

நான் கணக்கற்ற கோஷங்கள் எழுதியிருக்கிறேன். ‘முன்னேறு’ என்று எழுதியிருக்கிறேன், ‘அஞ்சாதே’ என்று எழுதியிருக்கிறேன், ‘பின்னால் தள்ளி நில்’ என்று ஒரு தடவைகூட எழுதியதில்லை. தடியோடு எதிரே ஆட்கள் வந்தபோதும் நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றவர்கள் எத்தனை பேர். சிலருக்கு இன்னும் கை நேராக வராது. ‘தப்பு என்னுடையது’ என்று சின்னப்பனிடம் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. பழக்கமில்லாத வாய். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் அவரே சொன்னார்: “நீங்க மனசு ஒடிய வாணாம் தோழர். நீங்க சொல்லிக் குடுத்தது அத்தனையும் ஞாபகம் வந்துச்சு. ஒண்ணுகூட வுடல.”

கல் போடுகிறவர்

வகுப்பை மூடிவிடலாம் என்று முடிவு செய்து, சின்னப்பனிடம் மட்டும் நேரில் சொல்லிவிட்டு வர மலை பஸ் ஏறினேன். பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் நின்றது. முன்னால் மரவள்ளி மூட்டை ஏற்றிய ஒரு பழைய ஜீப் வளைவை ஒரே வீச்சில் திருப்ப முடியாமல் பின்னுக்கு வந்துகொண்டிருந்தது. ஜீப்புக்குப் பின்னால், ஒரு பெரிய கல்லை இடுப்பில் அணைத்தபடி நின்றவர் சின்னப்பன்தான். மலையில் இப்படி ஒரு வேலை உண்டு. பாரம் ஏற்றிய வண்டி பின்னுக்கு உருளும்போது சரியான நொடியில் டயருக்கு அடியில் கல்லைப் போட்டுவிட்டு விலக வேண்டும். நொடி தப்பினால் பள்ளம். டிரைவர் தலையைக்கூடத் திருப்பாமல் ஒரே ஒரு தடவை ‘போடு’ என்றார். கல் விழுந்த சத்தம் கேட்டபோது சின்னப்பன் இரண்டு கஜம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறக்கவே இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினேன். மனுஷா, இத்தனை வருஷமாக இதைச் செய்கிறவர், தலைக்கு மேல் பீப்பாய் வரும்போது ஏன் மரம் மாதிரி நின்றீர்கள் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, கொஞ்சம் யோசித்து, ஏதோ ஆறுதல் சொல்கிறவர் மாதிரி சொன்னார்: “இங்க வாயத் தொறந்தா காலு போய்டும், அது எனக்குத் தெரியும். அங்க கத்தணும்னு நீங்க சொன்னீங்க. நமக்காக ரோட்டுல நின்னவரு, தெரியாமயா சொல்லுவாருன்னு நின்னுக்கினேன் தோழர்.”

பேசாத வகுப்பு

வகுப்பை மூடவில்லை. மாடியிலிருந்து மட்டும் இறக்கினேன். ஞாயிறன்று சும்மா கிடக்கிற ஒரு மரவள்ளி மண்டியின் முற்றத்தைக் கேட்டு வாங்கினோம். சங்கிலியில் மூட்டையைத் தொங்கவிட்டு ஆட்டுவது சின்னப்பன் பொறுப்பு, ஆங்கிலம் என் பொறுப்பு. வாயைத் திறக்கிறவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தை ஒரு சுற்று சுற்ற வேண்டும். ‘ஸ்டாண்ட் பேக்’ என்றால் பன்னிரண்டு ஜோடிக் கால்கள் பின்னால் போக வேண்டும். ‘லெட் கோ’ என்றால் கயிற்றை விட்டுவிட வேண்டும். ‘ஹோல்ட் ஆன்’ என்றால் பிடித்த பிடியைத் தளர்த்தக் கூடாது. எந்தச் சொல்லுக்கும் தமிழில் பொருள் சொல்லவில்லை. கால் புரிந்துகொண்டதா என்று மட்டும் பார்த்தேன்.

கஷ்டப்பட்டது நான்தான். டிரைவர் சொன்ன மாதிரி ஒரே தடவை, சாதாரணக் குரலில் சொல்ல வேண்டும் என்பது சின்னப்பனின் நிபந்தனை. முதல் இரண்டு வாரம், குரல் உயர்ந்ததற்காக நானே இரண்டு சுற்று மூட்டை சுமந்தேன். ராமலிங்கத்துக்கு அது தாங்கவில்லை. “முப்பது வருசமாக் காது கொய்ங்னு கேட்டுக்கினு இருந்துச்சு, இப்ப ஊரே அமைதியாயிடுச்சு. இன்னா தோழர், ஒடம்பு கிடம்பு சரியில்லயா?”

இரண்டாவது சோதனை

அதே மதில், அதே பெஞ்சு. கிரேன் உறுமியது. அந்தக் கனத்த குரல் ‘ஸ்டாண்ட் பேக்’ என்றது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. சரளைக்கல்லில் செருப்புத் தேய்கிற சத்தம் மாதிரி ஏதோ ஒன்று, அவ்வளவுதான். மறுபடியும் ஒரு கட்டளை. மறுபடியும் மௌனம். கூட்டம் அமைதியானால் தோற்றுவிட்டோம் என்றுதான் நான் கற்றிருக்கிறேன். மதிலில் காதை வைத்துக்கொண்டு, ஏதாவது சொல்லுங்கள், ஒரு இருமலாவது இருமுங்கள் என்று வேண்டிக்கொண்டேன்.

ஒன்பது பேர் தேறினார்கள். சின்னப்பன் முதல் ஆளாக வெளியே வந்தார். என் முன்னால் வந்து நின்று, கையிலிருந்த சீட்டை நீட்டிவிட்டு, வேட்டி நுனியால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அந்தச் சீட்டை நான்கு தடவை படித்தேன், நான்கு தடவையும் அது தேறியதாகத்தான் சொன்னது. ராமலிங்கம் தேறவில்லை. ‘ஹோல்ட் ஆன்’ என்றபோது பீப்பாய் ஆடியதைப் பார்த்துப் பயந்து கயிற்றை விட்டுவிட்டார். என்னைத் தேற்றுகிற பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார்: “எனக்கு வயசு ஜாஸ்தி ஆவல, இன்னொரு வேலைக்கு எழுதிப் போட்டுத் திரும்ப வரேன். அதுக்குள்ள நீங்க மறுபடி கத்த ஆரம்பிச்சுடாம இருந்தா போதும்.”

விட்டுப்போன ஒன்று

சின்னப்பன் விமானம் ஏறுவதற்குப் பதினெட்டு நாள் முன்னால் பொன்னி ஊருக்கு வந்து சேர்ந்தார். ஏன் அத்தனை சரியாகச் சொல்கிறேன் என்றால், அவர்கள் இருவரும் சேர்ந்து எண்ணி வைத்திருந்த நாட்கள் அவை. மழைக்கு முன்பே வந்தாயிற்று. போன வாரம் மல்லிகாவின் கடைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்திருந்தார். மலைக்காற்று ஒத்துக்கொண்டுவிட்டது, மூச்சு வாங்கவில்லை, பஸ் ஸ்டாண்டிலிருந்து விறுவிறு என்று நடந்தே வந்திருக்கிறார். துணியை அளந்துகொண்டிருக்கும்போது பொன்னியின் ஃபோனில் சின்னப்பனின் முகம் வந்தது. கொஞ்ச நேரம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் பொன்னி, “அண்ணனும் இங்கதான் இருக்காரு, பேசு” என்று ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டார்.

நான் சொல்லிக் கொடுத்த கட்டளைகள் எல்லாம் வருகின்றனவா என்று கேட்டேன். எல்லாம் வருகின்றன, ஒன்றிலும் குறையில்லை, சூப்பர்வைசர்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்றார். பிறகு தயங்கினார். சொல்லுங்கள் என்றேன். என்னைக் குறை சொல்கிறோமோ என்று பயந்து பயந்து சொன்னார்: “சாயந்தரம் ஆனா ‘நாக் ஆஃப்’னு ஒண்ணு சொல்றாங்க தோழர். அப்டின்னா வேலை முடிஞ்சுது, ரூமுக்குப் போங்கன்னு அர்த்தமாம். அது தெரியாம மொத மூணு நாளு எல்லாரும் போனப்புறமும் நான் மட்டும் வேலை செஞ்சுக்கினு இருந்தேன், ஒரு நேப்பாளத்து ஆளுதான் கையப் புடிச்சுக் கூட்டிக்கினு வந்தான். அத மட்டும் நீங்க சொல்லிக் குடுக்கலயே?”

எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷம்கூட வேலை செய்யாதே என்று முப்பது வருஷம் தொண்டை கிழியக் கத்தியவனின் பாடத்தில் விட்டுப்போனது, வேலையை நிறுத்தச் சொல்கிற அந்த ஒரு கட்டளைதான்.